காட்சியும் கடனும்

இயற்கையின் அழகைக் கண்டு மகிழ்பவன் எவருக்கேனும் கடன்பட்டவன் ஆவானா? முதற் பார்வையில் இக்கேள்வி வேடிக்கையானதாகத் தோன்றலாம். பிறன் கலத்துச் சோற்றை ஒருவன் எடுத்துண்டால் அங்கே ஒரு வயிறு காய்கின்றது. பிறன் காணிக்குள் வேலியை நகர்த்தி நட்டால் அங்கே ஒரு குடும்பம் ஒடுங்குகின்றது. ஆனால் கடலைப் பார்ப்பதனால் கடலில் ஒரு துளியும் குறைவதில்லை. ஆயிரம் பேர் பார்த்துச் சென்ற பின்னரும் அந்திவானம் ஆயிரத்தோராவது மனிதனுக்கு முழுமையாகவே எஞ்சி நிற்கின்றது. ஆகவே, உலகத்து இன்பங்களுள் எவரையும் சுரண்டாத இன்பம் கண்ணின் இன்பம் ஒன்றே என நாம் எளிதில் முடிவுகட்டி விடுகின்றோம்.

இம்முடிவுக்குத் தத்துவத்தின் துணையும் உண்டு. ஜெர்மானிய தத்துவஞானி கான்ற் 1790-ஆம் ஆண்டில் வெளியிட்ட அழகியல் நூலின் தொடக்கத்தில் ஓர் அரண்மனையை உதாரணமாகக் காட்டுகின்றார். அவ்வரண்மனை அழகியதா என ஒருவன் வினவும்போது, மக்களின் வியர்வையை வீணான ஆடம்பரத்தில் செலவிடும் பெரியோரைக் கண்டித்து ரூசோவின் பாணியில் நாம் விடையளிக்கலாம். அதனையெல்லாம் ஒப்புக்கொள்ளவும் செய்யலாம். ஆயினும் கேட்கப்பட்ட கேள்வி அதுவன்று என்பது கான்றின் வாதம். அழகைப் பற்றிய தீர்ப்பிலே பற்று, பயன், உடைமை என்பன கலத்தலாகாது என்பது அவர் கொள்கை.

தீர்ப்பைப் பொறுத்தவரையில் கான்றின் வாதத்தை மறுப்பது எளிதன்று. ஒரு மாளிகையை எழுப்பியவன் கொடுங்கோலன் என்பதனால் அதன் தூண்கள் கோணலாகிவிடுவதில்லை. ஆனால் மனிதன் தீர்ப்பளிப்பதற்காக மட்டும் வாழ்பவனல்லன். அவன் ஓர் இடத்தில் நின்றே பார்க்கின்றான். அந்த இடத்துக்கு ஒரு வழியாக வந்து சேர்கின்றான். அந்த வழியை யாரோ வெட்டியிருக்கின்றார்கள். யாரோ முன்பு அங்கே குடியிருந்திருக்கின்றார்கள். யாரோ இன்றும் அங்கே அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கின்றார்கள். கடலைப் படைத்தவர் எவருமிலர். கடற்காட்சியையோ மனிதர் படைத்திருக்கின்றனர். இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதற்கு உலகப் புகழ் பெற்ற கடற்கரை வீதியொன்றை எடுத்து நோக்குவோம்.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், தென்கடலின் ஓரமாக, டோர்க்கி என்னும் ஊரிலிருந்து அலன்ஸ்ஃபோர்ட் வரை 243 கிலோமீற்றர் நீளத்துக்கு வளைந்து செல்கின்றது ‘கிரேட் ஓஷன் ரோட்’ எனப்படும் பெருங்கடல் வீதி. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் இவ்வழியே செல்கின்றனர். மெல்பேர்ணில் குடியேறி வாழும் நம் மக்களும், ஊரிலிருந்து பெற்றோரோ உடன்பிறந்தாரோ வந்தால், முதலிற் கூட்டிச் செல்லும் இடங்களுள் இதுவும் ஒன்று. பலர் ஒரே நாளிற் போய்த் திரும்பிவிடுவர். வசதியும் ஓய்வும் உள்ளவர்கள் கேம்பர் வான் ஒன்றை எடுத்துக்கொண்டு நாலைந்து நாட்கள் தங்கிச் செல்வர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, சிறிய குளிர்பெட்டி யாவும் வானுக்குள்ளேயே அமைந்திருக்கும். விரும்பிய இடத்தில் நிறுத்தித் தேநீர் வைக்கலாம். காலையிற் கதவைத் திறந்தால் எதிரே கடல்.

அவ்வின்பத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. லோர்னைக் கடந்ததும் வீதி மலையின் விலாவிலே ஒட்டிக்கொண்டு செல்லும். ஒருபுறம் செங்குத்தான பாறை. மறுபுறம் கால் நழுவினால் கடல். அப்பலோ பே கழிந்ததும் வீதி கரையை விட்டு ஒட்வே மலைக்காட்டுக்குள் நுழைகின்றது. வானளாவிய யூக்கலிப்டஸ் மரங்களும் அவற்றின் கீழே ஆளுயரப் பன்னச் செடிகளும் நிறைந்த ஈரக்காடு அது. காட்டை விட்டு வெளிப்பட்டதும் சுண்ணாம்புக்கல் மலைமுகங்கள் தோன்றுகின்றன. ‘பன்னிரு அப்போஸ்தலர்’ எனப் பெயர் பெற்ற பாறைத்தூண்கள் நீரின் நடுவே நிற்கின்றன. அவை பன்னிரண்டாக ஒருபோதும் இருந்ததில்லை. ‘பன்றியும் குட்டிகளும்’ என்பதே பழைய பெயர். பயணிகளைக் கவரும் பொருட்டு இருபதாம் நூற்றாண்டிலே இப்புதுப்பெயர் நிலைபெற்றது. பெயர் எதுவாயினும் காட்சி உண்மையானதே. ஆண்டு முழுவதும் ஆலையிலோ அலுவலகத்திலோ குனிந்த முதுகு அங்கே நிமிர்கின்றது. அது தீதென்று சொல்பவன் மனிதனை அறியாதவன்.

வீதியை வெட்டியவர்

இவ்வீதி ஒரு நினைவுச்சின்னம். முதலாம் உலகப் போரில் ஐம்பது இலட்சத்துக்குக் குறைவான மக்களைக் கொண்ட அவுஸ்திரேலியா ஏறத்தாழ 60,000 உயிர்களை இழந்தது. எஞ்சித் திரும்பியவர்களுக்கு வேலை வேண்டியிருந்தது. விக்டோரியாவின் நாட்டுப்புற வீதிச் சபைத் தலைவராயிருந்த வில்லியம் கோல்டர், அவர்களைக் கொண்டு கடற்கரை வீதி அமைக்கலாமென யோசனை கூறினார். கீலோங் நகர மேயர் ஹவார்ட் ஹிச்கொக் 1918-இல் இதற்கென ஒரு நம்பிக்கைப் பொறுப்பகத்தை அமைத்துத் தமது சொந்தப் பணத்தையும் கொடுத்தார். 1919 செப்டெம்பர் மாதத்தில் வேலை தொடங்கியது. போரிலிருந்து திரும்பிய ஏறத்தாழ 3,000 பேர் பல்வேறு காலங்களில் இங்கே உழைத்தனர்.

வேலையின் தன்மையை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்று நாம் காணும் பெரிய பொறிகள் அன்றில்லை. பிக்காசு, மண்வெட்டி, தள்ளுவண்டி, வெடிமருந்து ஆகியவையே கருவிகள். கரடுமுரடான வழியில் வெடியூக்கிகளைக் கொண்டுசெல்லும்போது, அவை அதிர்ந்து வெடித்துவிடாதபடி தொழிலாளர் அவற்றைத் தம் முழங்கால்களின் மேல் தாங்கிச் சென்றனர் என்பர். மனித உடலின் மென்மையே அங்கே பஞ்சணையாகப் பயன்பட்டது. பாறை சரிந்தும் விபத்துகளாலும் சிலர் மாண்டனர். தங்குமிடம் கூடாரம். எட்டு மணி நேர நாளுக்குக் கூலி பத்துச் சிலிங் ஆறு பென்ஸ். அதிலிருந்து வாரந்தோறும் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தல் வேண்டும்.

அவர்களை வெறும் இரங்கத்தக்க உருவங்களாகவும் காட்டிவிடலாகாது. முகாமிலே பியானோவும் கிராமபோனும் பத்திரிகைகளும் இருந்தன. 1924-இல் ‘கசீனோ’ என்ற நீராவிக் கப்பல் பற்றன் முனைக்கருகில் பாறையில் மோதியது. கப்பலைக் காப்பதற்காக 500 பீப்பாய் பியரும் 120 பெட்டி மதுவும் கடலில் எறியப்பட்டன. கரையொதுங்கியவற்றைத் தொழிலாளர் கைப்பற்றிக்கொண்டனர். அதனால் இரண்டு வாரங்கள் வேலை நின்றுபோயிற்று. எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத விடுமுறை அது. வரலாற்று நூல்கள் இதை நகைச்சுவையாகவே கூறிச் செல்கின்றன. ஆனால் நான்காண்டுகள் சேற்றுக் குழிகளிற் கிடந்து, பின்னர் பாறை உடைக்க வந்த மனிதர்கள், தம் வாழ்வில் இன்பத்துக்கென ஒதுக்கப்பட்ட பங்கு எவ்வளவென அறிந்திருந்தனர் என்பதையும் அக்கதை கூறுகின்றது.

ஹிச்கொக்கின் பெருந்தன்மையில் நமக்கு ஐயமில்லை. 1932 நவம்பர் 26-இல் வீதி முழுமையாகத் திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார். திறப்பு விழா ஊர்வலத்தில் அவருடைய கார் ஆளுநரின் காருக்குப் பின்னே செலுத்தப்பட்டது. நன்றி மறவாத செயல்தான். ஆனால் தனி மனிதரின் நல்லுள்ளத்தைப் போற்றுவது ஒன்று. ஒரு சமுதாயத்தின் கணக்கைச் சரிபார்ப்பது வேறொன்று. இளைஞர்களைக் கொல்லவும் சாகவும் கடல் கடந்து அனுப்புவதற்கு அரசிடம் பணம் இருந்தது. திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கோ ஒரு செல்வரின் தலைமையில் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. இறந்த தோழருக்கு நினைவுச்சின்னம் எழுப்பும் கௌரவம் உயிரோடு இருந்தவர்களுக்கு அளிக்கப்பட்டது. அந்தக் கௌரவத்தைக் கொண்டு அரிசி வாங்க முடியாதாகையால் அவர்கள் அதைக் கூலிக்குச் செய்தனர். தியாகத்தின் பெயரும் தேவையின் நிர்ப்பந்தமும் இவ்வாறு ஒரே பிக்காசின் இரு முனைகளாயின.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. 1922-இல் வீதியின் முதற்பகுதி திறக்கப்பட்டபின், செலவை மீட்பதற்காகச் சுங்கம் வசூலிக்கப்பட்டது. மோட்டார் காருக்கு இரண்டு சிலிங். நாளெல்லாம் பாறை உடைப்பவனின் கூலியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அது. கார் வைத்திருந்தவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எண்ணினால், வெட்டியவன் தான் வெட்டிய வீதியின் காட்சிக்கு எவ்வளவு தூரத்தில் நின்றான் என்பது விளங்கும். 1936 ஒக்டோபரில் பொறுப்பகம் வீதியை மாநில அரசிடம் ஒப்படைத்தது, சுங்கம் நீக்கப்பட்டது. அன்றுதான் அது உண்மையிற் பொதுவீதி ஆயிற்று. கடல் இயற்கையாகவே பொதுவானது. அதனைப் பார்க்கும் வழியோ பொதுவாக்கப்பட வேண்டியிருந்தது.

வெறுமையாக்கப்பட்ட கரை

வீதி வெட்டுவதற்கு முன் அக்கரை மனிதர் காலடி படாத காடாகக் கிடந்தது எனப் பயணக் கையேடுகள் எழுதுவது வழக்கம். அது உண்மையன்று. கிழக்கே வாடவுரங் மக்களும், ஒட்வே முனைப் பகுதியிற் கடுபனுட் மக்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த நிலம் அது. அவர்கள் உண்டு கழித்த சிப்பிகள் மேடுமேடாக இன்றும் அக்கரையிற் காணப்படுகின்றன. 1846-இல் எயர் ஆற்றின் முகத்துவாரத்துக்கருகே, தன் ஆளொருவர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க வந்த நில அளவையாளர் ஒருவரின் குழு, கடுபனுட் மக்களின் குடியிருப்பைத் தாக்கிப் பலரைக் கொன்றது. அளவுச் சங்கிலியும் துப்பாக்கியும் ஒரே அணியிற் சென்றன. நிலம் முதலில் ‘வெறுமை’ ஆக்கப்பட்டது. பின்னரே அது ‘காட்சி’ ஆயிற்று.

இவ்விடத்தில் நம் பழந்தமிழ் இலக்கண மரபு நமக்கொரு தெளிவைத் தருகின்றது. நெய்தல் என்ற திணையை எண்ணிப் பார்க்கவும். அது வெறும் மணலும் அலையும் அன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மக்கள், அவர்தம் தொழில், உணவு, பறவை, மரம் என்பன கருப்பொருள். அம்மக்களின் மன உணர்ச்சி உரிப்பொருள். பரதவரும் உப்பு விளைப்போரும் இல்லாத நெய்தலை அம்மரபு அறியாது. மீன் உணங்கும் மணலை விட்டுக் கடலை மட்டும் பிரித்தெடுத்து அழகு பார்க்கும் கண் அதற்கில்லை. இன்றைய உல்லாசப் பயணமோ முதற்பொருளை வைத்துக்கொண்டு கருப்பொருளைத் துடைத்தெறிந்துவிட்டது. உரிப்பொருளைப் பயணி தன் வானிலே ஏற்றிக்கொண்டு வருகின்றான். கரையில் யார் வாழ்ந்தார், எதை உண்டார், எப்படி மறைந்தார் என்பது அவனுடைய புகைப்படச் சட்டத்துக்குள் அடங்குவதில்லை.

நினைவும்கூட எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. விக்டோரியாவின் மேற்கிலே கண்டா ஏரிப் பகுதியைச் சேர்ந்த குண்டிச்மாரா இனத்தவரான ஹேர்பேர்ட் லவெற்றும் அவருடைய உடன்பிறந்தார் நால்வரும் முதலாம் உலகப் போரிற் சண்டையிட்டனர். ஹேர்பேர்ட் இரண்டாம் உலகப் போரிலும் சேவை புரிந்தார். திரும்பிய வீரருக்கென ஒதுக்கப்பட்ட குடியேற்றக் காணியில் ஒரு பங்கு கேட்டு அவர் விண்ணப்பித்தபோது அது மறுக்கப்பட்டது. அவர் கேட்டதோ தம் முன்னோரின் நிலம். ஒரே போர், ஒரே சீருடை. திரும்பி வந்தபின் ஒருவனுக்குப் பிக்காசும் கூலியும், இன்னொருவனுக்கு அதுவுமில்லை. உழைப்பவரைப் பற்றி மட்டும் பேசி, நிலமிழந்தவரை மறந்துவிடும் முற்போக்கு அரை முற்போக்கே.

அண்மைக் காலத்திற் சில மாறுதல்கள் வந்துள்ளன. 2020-இல் விக்டோரியப் பாராளுமன்றம் இவ்வீதியையும் சூழலையும் உயிருள்ள ஒரே இயற்கை முழுமையாக ஏற்றுச் சட்டம் இயற்றியது. 2023 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம், இக்கரையின் பெரும்பகுதியை உள்ளடக்கிய நிலப்பரப்பில் கிழக்கு மார் மக்களின் பூர்வீக உரிமையை அங்கீகரித்தது. கொன்றழித்தவற்றை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தரமாட்டாது. ஆயினும், அந்நிலம் வெறுமையாக இருந்ததென்ற பொய் சட்டத்தின் முன் நிற்கவில்லை என்பது சிறிய வெற்றியன்று.

துறவு விடையாகுமா?

இவ்வளவும் அறிந்த மனச்சாட்சியுள்ள ஒருவன் என்ன செய்வான்? ‘இரத்தமும் வியர்வையும் கலந்த இந்த அழகு எனக்கு வேண்டாம்’ என்று வீட்டில் இருந்துவிடுவதா?

இதற்கு மிகக் கடுமையான விடையளித்தவர் டால்ஸ்டாய். ‘கலை என்றால் என்ன’ என்ற நூலின் தொடக்கத்தில், அவர் ஓர் இசைநாடக ஒத்திகைக்குச் சென்ற அனுபவத்தை விவரிக்கின்றார். மேடைக்குப் பின்னால் இருளிலே வாடிய முகங்களுடன் உழைக்கும் தொழிலாளரையும், கலைஞரை ஏசித் தள்ளும் நடத்துநரையும் கண்டு, யாருக்காக இவ்வளவு உழைப்பு என வினவுகின்றார். அக்கேள்வியின் நேர்மைக்கு நாம் தலைவணங்க வேண்டும். ஆனால் அக்கேள்வியிலிருந்து சிலர் பெறும் முடிவு, அதாவது இன்பத்தையே ஐயுற்று ஒதுக்குவது, தொழிலாளருக்கு எவ்வகையில் உதவும்? நான் அவ்வீதியிற் செல்லாமல் விட்டால் பாறை சரிந்து இறந்தவன் எழுந்து வருவானா? கடுபனுட் குழந்தைகளின் குடில்கள் மீண்டும் புகையுமா? துறவு, கடனைத் தீர்ப்பதில்லை. கடன்காரன் வரும் தெருவால் போகாமல் தப்பிக்கொள்கின்றது, அவ்வளவே.

அது மட்டுமன்று. ஓய்வும் பயணமும் செல்வரின் கண்டுபிடிப்புகள் அல்ல. 1856 ஏப்ரல் 21-இல் மெல்பேர்ண் நகரத்துக் கற்கொத்தர், கட்டிக்கொண்டிருந்த பல்கலைக்கழகக் கட்டடத்தை விட்டிறங்கிப் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். கூலி குறையாத எட்டு மணி நேர வேலைநாளை அவர்கள் வென்றெடுத்தனர். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எஞ்சிய எட்டு மணி மனிதனாக வாழ்வதற்கு என்பது அவர்தம் கோரிக்கை. எஞ்சிய அந்த எட்டு மணி நேரத்திலிருந்தே தொழிலாளியின் விடுமுறை முளைத்தது. 1936-இல் பிரான்சிலே ஆலைகளைக் கைப்பற்றி வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், மக்கள் முன்னணி அரசின் வழியாக ஊதியத்துடன் இருவார விடுமுறையைப் பெற்றனர். அவுஸ்திரேலியத் தொழிலாளரும் 1940-களில் அவ்வுரிமையைப் பெற்றனர்.

கேம்பர் வானின் வரலாறும் இதனோடு பிணைந்தது. வொல்க்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் தன் சிறு வானை விற்பனைக்கு விட்டது; 1951-இல் வெஸ்ற்ஃபாலியா நிறுவனம் அதனுள் கட்டிலும் அலுமாரியும் பொருத்தத் தொடங்கியது. கடற்கரை ஹோட்டலின் மாடியறை முன்பு யாருடையதாக இருந்தது என்பது நமக்குத் தெரியும். அந்த அறைக்குப் பணமில்லாத கற்கொத்தனின் பேரனும் கடலின் முன் ஓரிரவு உறங்கலாம் என்ற நிலையைச் சக்கரம் பூட்டிய சிறு வீடு உண்டாக்கிற்று. இன்று புத்தம் புதிய கேம்பர் வானின் விலையும், அதன் நாள்வாடகையும் பலருக்கு எட்டாதவையே. எனினும் அதன் உள்ளே இருக்கும் ஆசை சனநாயகமானது.

உருசிய அறிஞர் செர்னிஷெவ்ஸ்கி 1855-இல், அழகு என்பது வாழ்வே என வாதித்தார். வாழ்க்கை எப்படியோ அப்படியே அழகைப் பற்றிய கருத்தும். உழைக்கும் குடியானவனும் உழையாத பிரபுவும் ஒரே முகத்தை அழகெனக் கொள்வதில்லை என அவர் காட்டினார். அக்கருத்தை நாம் இவ்வீதிக்குப் பொருத்திப் பார்க்கலாம். உழைப்பை மறைத்து வைத்தால்தான் தோன்றும் அழகு ஒன்றுண்டு. அது பிரபுவின் அழகு. உழைப்பை அறிந்தபின்னும் நிலைக்கும், அறிந்ததனாலேயே ஆழமாகும் அழகும் உண்டு. மலையின் விலாவிலே வீதி வளைந்து திரும்பும் இடத்தில், அந்த வளைவை வெறுங்கைகள் செதுக்கின என்பதை அறிந்தவனுக்குக் கடல் சிறியதாகிவிடுமா? கடலோடு மனிதனும் சேர்ந்து தெரிகின்றான். காட்சி நெய்தல் ஆகின்றது.

இரண்டு வான்கள்

இறந்தவருக்குப் பட்ட கடனைப் பற்றிப் பேசுவது ஒருவகையில் எளிது. ஈஸ்ற்றேண் வியூ என்னுமிடத்தில் வீதிக்கு மேலாக மரத்தாலான நினைவு வளைவு நிற்கின்றது. தீக்கும் விபத்துக்கும் இரையாகி, மீண்டும் மீண்டும் கட்டப்பட்டது அது. பயணிகள் அங்கே வானை நிறுத்திப் படம் எடுத்துச் செல்கின்றனர். நினைவு, செலவில்லாத நாணயம். இறந்தவர் வாடகை கேட்பதில்லை. மனச்சாட்சி உண்மையிற் சோதிக்கப்படுவது உயிரோடிருப்பவர் முன்னேதான்.

அவ்வழியில் இரவிலே நிற்கக்கூடிய இரண்டு வான்களைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒன்றில் விடுமுறைக்கு வந்த குடும்பம். மற்றொன்றில், பக்கத்து உணவுச்சாலையிற் பாத்திரம் கழுவும் ஒருவர். இரண்டிலும் ஒரே கட்டில், ஒரே அடுப்பு, சன்னலுக்கு வெளியே ஒரே கடல். முதல்வருக்கு அந்த வான் வீட்டிலிருந்து விடுதலை. இரண்டாமவருக்கு அதுவே வீடு. இக்கற்பனைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. லோர்ன், அப்பலோ பே போன்ற ஊர்களில் வீடுகளிற் பெரும்பகுதி, வெளியூரவரின் விடுமுறை வீடுகளாகவோ குறுந்தங்கல் வாடகை வீடுகளாகவோ உள்ளன. ஆண்டின் பல மாதங்கள் அவை பூட்டிக்கிடக்கின்றன. பயணிக்குச் சமைப்பவரும், படுக்கை விரிப்பவரும், முதியோரைப் பராமரிப்பவரும் அவ்வூரிலே வாடகைக்கு வீடு கிடையாது தவிக்கின்றனர். அவுஸ்திரேலியா செல்வ நாடு. அங்கேயும் வாடகை கொடுக்க இயலாமல் வாகனத்தில் வாழும் மக்கள் உள்ளனர்.

வீதியோரத்திலும் வாகனத் தரிப்பிடங்களிலும் இரவிற் படுத்துறங்கலாகாது என்பது சட்டம். கரையையும் காட்டையும் காப்பதற்கு இத்தகைய விதி வேண்டியதே. பயணி முகாம்திடலுக்குப் பணம் கட்டி விதியைக் காக்கின்றான். வீடில்லாதவன் எங்கே போவான்? ஒரே விதி ஒருவனுக்கு ஒழுங்கு, இன்னொருவனுக்கு விரட்டு. விதியைக் குறைகூறுவதில் பயனில்லை. வான் வீடாக மாற வேண்டிய நிலையையே நாம் குறைகூற வேண்டும்.

கடனைப் பற்றிய நமது கேள்வி இங்கேதான் கூர்மை பெறுகின்றது. இறந்தவருக்கு நன்றி செலுத்தி, இருப்பவரைக் காணாது செல்பவன் கடன் தீர்த்தவனல்லன். கடன் பத்திரத்தின் முகவரியை மாற்றி எழுதியவன். 1919-இல் கூடாரத்தில் உறங்கிய உழைப்பாளியை மெச்சி, இன்று வானில் உறங்கும் உழைப்பாளியை முறைப்பாடு செய்து அகற்றும் மனம் ஒரே மனந்தான். முதலாமவனுக்கு நூறாண்டு தூரம் அழகு சேர்த்திருக்கின்றது.

கடன் தீர்க்கும் வழி

அப்படியாயின் காண்பவனின் கடன் யாது? மூன்று கூறுகளாக அதனைச் சொல்லலாம்.

முதலாவது, அறிதல். தான் நிற்கும் இடம் எப்படி உண்டாயிற்று என்பதை அறியாமல் இரசிப்பது, உணவு எங்கே விளைந்தது என்பதை அறியாமல் உண்பது போன்றது. குழந்தைக்கு அது மன்னிக்கத்தக்கது, வளர்ந்தவனுக்கன்று.

இரண்டாவது, தனக்குப் பின்னால் வருபவனுக்குக் கதவை அடையாதிருத்தல். 1936-இல் சுங்கச் சாவடி அகற்றப்பட்டது போல, காட்சிக்கும் மக்களுக்கும் நடுவே எழும் ஒவ்வொரு தடையையும் அகற்றுவதற்குக் குரல் கொடுத்தல் வேண்டும். கரையை வேலியடைத்துத் தனக்காக்க முயலும் செல்வனும், பொதுக்கரையிற் குப்பையெறிந்து செல்லும் பயணியும் இவ்விடயத்தில் உறவினரே. ஒருவன் இடத்தைத் திருடுகின்றான், மற்றவன் அதன் தூய்மையைத் திருடுகின்றான். வான் எரிக்கும் எரிபொருளும் இக்கணக்கில் அடங்கும். அப்பலோ பேயிலே கடலரிப்பிலிருந்து வீதியைக் காக்கக் கற்கள் அடுக்க வேண்டி வந்திருக்கின்றது. 2015-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் வை ஆற்றுப் பகுதியில் மூண்ட காட்டுத்தீ 116 வீடுகளை எரித்தது. வெப்பமேறும் உலகில் அழகிய கரைகளே முதலில் ஆபத்துக்குள்ளாகின்றன.

மூன்றாவது, வாழ்பவரின் உரிமைக்குப் பங்களித்தல். விக்டோரிய அரசு 2025 யனவரி முதலாந் திகதியிலிருந்து குறுந்தங்கல் வாடகைக்கு 7.5 வீத வரி விதித்து, அவ்வருவாயைச் சமூக வீடமைப்புக்கு ஒதுக்குகின்றது. இது போதுமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் இதன் பின்னுள்ள கருத்து சரியானது: காட்சியால் வரும் இலாபத்தில் ஒரு பங்கு, காட்சியின் நடுவே உழைப்பவனின் கூரைக்குச் செல்ல வேண்டும். இத்தகைய வரியை முணுமுணுக்காமற் செலுத்துவதும், அதனை விரிவாக்கப் போராடுவோருக்குத் துணை நிற்பதும், பணிப்பெண்ணின் கூலியைப் பற்றிக் கவலைப்படுவதும், பயணியின் அறத்தில் அடங்கியவையே. அறம் என்பது மனத்தின் ஈரம் மட்டுமன்று. அது ஒரு பட்டியலில் எழுதக்கூடிய தொகையுமாகும்.

இக்கடன் இன்பத்தைக் கெடுத்துவிடும் எனச் சிலர் அஞ்சக்கூடும். அவ்வச்சம் தேவையற்றது. அக்கரையின் பாறைகளே நமக்கு வேறொரு பாடம் சொல்கின்றன. 1990 யனவரி 15-இல் ‘இலண்டன் பாலம்’ எனப்பட்ட இரட்டை வளைவுப் பாறையின் கரையோர வளைவு திடீரென வீழ்ந்தது. முனையில் நின்ற இருவரை ஹெலிகொப்ரர் மீட்டது. 2005 யூலை 3-இல் அப்போஸ்தலர் பாறைகளுள் ஒன்று சில கணங்களிற் கற்குவியலாகிவிட்டது. கடல் தூண்களைச் செதுக்குகின்றது. அதே கடல் அவற்றை உடைக்கின்றது. எவரும் அவற்றைச் சொந்தமாக்க முடியாது. நாம் காண்பது நம் முன்னோர் வழியிட்டு, நம் காலம் காத்து, நமக்குப் பின்வருவோருக்குக் கைமாற்றும் ஒரு பொருள். உரிமையாளனாக நின்று பார்ப்பவனுக்கு இழப்பின் அச்சம் உண்டு. கடன்பட்டவனாக நின்று பார்ப்பவனுக்கோ உறவின் நெருக்கம் உண்டு.

பள்ளிக்கூடத்தில் நாம் இக்கரையைப் புவியியற் பாடத்திலே கற்பிக்கின்றோம். அலை பாறையைக் குடைகின்றது, குகை வளைவாகின்றது, வளைவு இடிந்து தூணாகின்றது என்று கரும்பலகையில் வரைந்து காட்டுகின்றோம். மாணவர் அதனை மனனம் செய்து பரீட்சையில் எழுதுகின்றனர். அதே பலகையில் இன்னும் நான்கு வரிகள் எழுத இடமுண்டு: அந்நிலத்தில் யார் வாழ்ந்தார், அவ்வீதியை யார், என்ன கூலிக்கு வெட்டினார், இன்று அங்கே யார் உழைக்கின்றார், அவர் இரவில் எங்கே உறங்குகின்றார். இந்நான்கு கேள்விகளையும் அவுஸ்திரேலியாவின் கரையைப் பற்றிக் கேட்கப் பழகிய மாணவன், தன் வாழ்நாளில் எந்தக் கரையில் நின்றாலும் அவற்றைக் கேட்காமல் இருக்கமாட்டான்.